ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு 8 மாசம், எம்ஆர்ஐ-ல கிராஃப்ட் வெளுத்துத் தெரியுதுன்னா மறுபடி கிழிஞ்சிருச்சா?

கோத்தகிரி_டிஃபெண்டர்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிங்க நமக்கு, சின்ன மலைக்கிராமம், வயசு 24. ஜனவரியில ஊர் கிரவுண்ட்ல ஃபுட்பால் ஆடறப்ப கால ஊனி சட்டுனு திரும்பினேன், முட்டிக்குள்ள பட்டுனு ஒரு சத்தம், பக்கத்துல நின்னவனுக்கே கேட்டுச்சு. ரெண்டு மணி நேரத்துல முட்டி வீங்கி பேண்ட கழட்ட முடியல. முட்டிய நழுவாம பிடிச்சு வெக்கிற ஏசிஎல் ஜவ்வு முழுசா போயிருச்சுன்னாங்க, மார்ச்ல கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணோம். தொடைக்குப் பின்னாடி இருந்து தசைநார் எடுத்து நாலா மடிச்சு வெச்சிருக்காங்க, அதத்தான் கிராஃப்ட்ங்கறாங்க, மேல டைட்டானியம் பட்டன், கீழ கரையற ஸ்க்ரூ.

இப்ப நவம்பர், 8 மாசம் ஆச்சு. மேடு ஏறறப்ப ஒண்ணும் இல்ல, இறங்கறப்பதான் முட்டிக்கு முன்பக்கம் வலிக்குது. எங்க வீட்டுக்கு ரோட்டுல இருந்து தேயிலைக்காட்டு வழியா இறங்கித்தான் போகணும், மழையில பாசி வேற. பயந்துபோய் ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட கேக்காம நானே ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ எடுத்துட்டேன். ரிப்போர்ட்ல மூணு விஷயம் போட்டிருக்கு, கிராஃப்ட்ல சிக்னல் அதிகமா இருக்கு பகுதி கிழிசலா இருக்கலாம், தொடை எலும்பு டனல் (கிராஃப்ட் வெக்க எலும்புல போட்ட ஓட்டை) கொஞ்சம் விரிஞ்சிருக்கு, செமிடெண்டினோசஸ் தசைநார் தெரியல அதுவும் கிழிஞ்சிருக்கலாம். மூணு நாளா தூக்கமே இல்ல. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில அப்பாகிட்ட இன்னொரு ஆபரேஷன்னு எப்படி போய் நிக்கிறது? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கூடலூர்_மிட்ஃபீல்ட்

ப்ரோ பயமுறுத்தணும்னு சொல்லல, ஆனா கிழிசல்னு எழுதியிருந்தா லேசா விட்டுராதீங்க. எனக்கும் கிராஃப்ட் ரெண்டாவது தடவ போயி ரிவிஷன், அதாவது மறு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. சீக்கிரமா டாக்டர பாருங்க, அதுவரைக்கும் கிரவுண்ட் பக்கம் போகாதீங்க.

குன்னூர்_ஸ்கேன்ரூம்

தம்பி முதல்ல கொஞ்சம் மூச்சு விடு. நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், 17 வருஷமா இதே வேலை. ரிப்போர்ட் எழுதறது ரேடியாலஜி டாக்டருங்க, அதனால உன் முட்டியில என்னன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா படம் எப்படி வரும்ங்கறத சொல்லலாம்.

எம்ஆர்ஐ-ல தசைநார், ஜவ்வு ரெண்டுமே கருப்பாத்தான் தெரியணும். உனக்கு வெச்சது உன் தொடையில இருந்து எடுத்த நார், எடுத்த உடனே அதுக்கு ரத்த ஓட்டம் அறுந்துருது. அதனால போட்ட புதுசுல, சுமார் முதல் மூணு மாசம் வரைக்கும், படத்துல நல்லா கருப்பா இருக்கும். பாக்கறவங்க ஆகா சூப்பரா இருக்குன்னு நினைப்பாங்க. அப்புறம் மூட்டு உள்சவ்வுல இருந்து புது ரத்தக்குழாய் அதுக்குள்ள ஊடுருவும், உடம்பு அந்த நாரைப் பிரிச்சு மறுபடி ஜவ்வா கட்ட ஆரம்பிக்கும், அந்த வேலை நடக்கறப்ப கிராஃப்ட் வெளுத்து சாம்பல் நிறமாயிரும். நாலாவது மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் இது ரொம்ப சாதாரணம். ஒன்றரை ரெண்டு வருஷத்துல மறுபடி கருப்பாகும், சிலருக்கு அதுக்கு மேலயும் லேசா சாம்பல் மிச்சம் இருக்கும்.

நீ இருக்கறது 8 மாசத்துல. சாம்பலா இருக்கலன்னாதான் எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

ஆனா சாம்பல் வேற வெள்ளை வேற, இதுலதான் விஷயமே இருக்கு. எம்ஆர்ஐ-ல பல வகைப் படம் எடுப்போம், அதுல டி2-ங்கற படத்துல மூட்டுக்குள்ள இருக்கற தண்ணி பளீர்னு வெள்ளையா இருக்கும். அதே பளீர் வெள்ளை கிராஃப்ட்டோட குறுக்கால இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாய்ஞ்சு நார் அறுந்து தெரிஞ்சா அது கிழிசல். புரோட்டான் டென்சிட்டிங்கற இன்னொரு வகைப் படத்துல மட்டும் வெளுத்து, டி2-ல அந்த வெள்ளை இல்லாம, நார் மேல இருந்து கீழ வரைக்கும் தொடர்ச்சியா போனா அது வேற கதை. உன்னோடது நாலு மடிப்பு, மடிப்புக்கு நடுவுல நீளவாக்குல மெல்லிசா வெள்ளைக் கோடு வரும், அது இழைகளுக்கு நடுவுல இருக்கற தண்ணியும் சவ்வும். கயித்தோட புரி மாதிரி. அதையும் கிழிசல்னு படிச்சுட்டாங்கன்னா பாவம் நீ.

இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. மெஷினோட காந்தப் புலத்துக்கு 55 டிகிரி சாய்வுல எந்த நார் இருந்தாலும் சில படங்கள்ல பொய்யா வெளுத்துக் காட்டும், மேஜிக் ஆங்கிள்னு சொல்லுவோம், ஏசிஎல் கிராஃப்ட் கிட்டத்தட்ட அந்தச் சாய்வுலதான் கிடக்கும். டி2 படத்துல அது மறைஞ்சிரும். அதனால ஒரே ஒரு படத்த வெச்சு யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

படம் போட்டுக் குடுத்த சிடி டிஸ்க் கையில இருக்கா? ஸ்கேன் எடுக்கறப்ப ஆபரேஷன் தேதியும் எந்த கிராஃப்ட்னும் சொன்னியா? உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?

கோத்தகிரி_டிஃபெண்டர்

அண்ணா ரொம்ப நன்றி, சிடி இருக்கு. ஃபார்ம்ல ஏற்கனவே ஆபரேஷன் ஆயிருக்கான்னு கேட்டதுக்கு ஆமான்னு டிக் மட்டும் பண்ணேன். தேதியும் கேக்கல கிராஃப்ட் என்னன்னும் கேக்கல, நானும் சொல்லல. டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டு பீரோவுலதான் இருந்துச்சு, எடுத்துட்டுப் போகணும்னு தோணவே இல்ல.

குன்னூர்_ஸ்கேன்ரூம்

அதான் பாத்தேன். செமிடெண்டினோசஸ் தெரியல, கிழிஞ்சிருக்கலாம்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னியே, அங்கதான் எனக்கு உறுத்துச்சு. தம்பி, அதைத்தான எடுத்து உனக்கு ஏசிஎல்-ஆ வெச்சிருக்காங்க! எடுத்த இடத்துல எப்படி இருக்கும்? எந்த நாரை எடுத்தாங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்த வரியே வந்திருக்காது. அந்த நார் பலபேருக்கு பல்லி வால் மாதிரி திரும்ப வளரும், கொஞ்சம் ஒழுங்கில்லாம, சில சமயம் வேற இடத்துல ஒட்டிக்கிட்டு. அதுக்கும் மாசக்கணக்கு ஆகும்.

டனல் விரிஞ்சதுக்கும் அதே பதில்தான். தொடை நார் வெச்சவங்களுக்கு எலும்புல போட்ட ஓட்டை முதல் வருஷத்துல கொஞ்சம் விரியறது சகஜம், முட்டிச்சிப்பி நார் வெச்சவங்கள விட இவங்களுக்கு அதிகம். விரிஞ்சதால கிராஃப்ட் லூஸ்னு அர்த்தம் இல்ல. பின்னாடி ஒருவேளை மறு ஆபரேஷன் தேவைப்பட்டா அங்க எலும்பு எவ்வளவு இருக்குன்னு டாக்டருக்குக் கணக்கு வேணும், அப்ப சிடி ஸ்கேன்ல அளப்பாங்க. இப்ப அத நினைச்சு தூக்கத்தக் கெடுத்துக்காத.

வெலிங்டன்_பிசியோ

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், குன்னூர் அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம். இந்தப் பையனுக்கு இப்ப எம்ஆர்ஐ-யே தேவை இருந்திருக்காது. முட்டி நழுவுதா? நடக்கறப்ப கால் வழுக்கற மாதிரி விட்டுப்போகுதா? புதுசா அடிபட்டு வீங்குச்சா? இது எதையுமே அவர் எழுதல. இறங்கறப்ப முன்பக்கம் வலி, அவ்வளவுதான். அது நான் வாரத்துக்கு அஞ்சு பேர்கிட்ட கேக்கற கம்ப்ளெயிண்ட், முன்தொடை தசை இன்னும் தேறல. இறங்கறப்ப அந்தத் தசை நீண்டுக்கிட்டே உடம்பு வெயிட்ட தாங்கணும், ஏறறத விட அது கஷ்டம், தசை போதலன்னா பாரம் பூரா முட்டிச்சிப்பி மேல விழும். சமவெளியில இருக்கறவங்க மாடிப்படியில மட்டும் உணர்ற வலிய நம்ம ஊர்ல பால் வாங்கப் போனாலே உணரணும்.

கிராஃப்ட் பிடிச்சிருக்கா இல்லையான்னு கையில பாக்கலாம். லாக்மேன் டெஸ்ட்னு ஒண்ணு, முட்டிய 20, 30 டிகிரி மடக்கி கீழ்க்கால் எலும்ப முன்னாடி இழுத்துப் பாப்பாங்க, நல்ல கிராஃப்ட்னா டக்குனு ஒரு இடத்துல நிக்கும், போனதுன்னா நிக்காம வரும். ஒரு நிமிஷ வேலை. படம் அதுக்கு அடுத்துதான்.

தம்பி ரெண்டு தொடையையும் முட்டிச்சிப்பிக்கு மேல 10 சென்டிமீட்டர்ல இன்ச் டேப் வெச்சு அளந்து இங்க போடுங்க.

குன்னூர்_ஸ்கேன்ரூம்

கோவம் எதுக்குங்க, கை டெஸ்ட்தான் முதல்ல, ஒத்துக்கறேன். ஆனா எம்ஆர்ஐ தேவையில்லன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிராதீங்க. முட்டி முழுசா நீள மாட்டேங்குதுன்னு வர்றவங்களுக்குப் படம் இல்லாம காரணம் தெரியாது. கிராஃப்ட் மேல எலும்பு உரசுதா, முன்னாடி தழும்புக் கட்டி இருக்கா, ஸ்க்ரூ நகர்ந்துருச்சா, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸ் போச்சா, இதெல்லாம் கையில எப்படிப் பாப்பீங்க?

உரசறது எப்படித் தெரியும்னும் சொல்லிடறேன், நிறைய பேரு இத எங்ககிட்ட கேப்பாங்க. பக்கவாட்டுப் படத்துல தொடை எலும்போட பள்ளத்துக்கு மேல் கூரை ஒரு கோடா தெரியும், 1938-ல அத எழுதின ஜெர்மன் டாக்டர் பேர்ல பிளூமென்சாட் கோடுன்னு சொல்லுவாங்க. முட்டிய நீட்டினப்ப கீழ்க்கால் எலும்புல போட்ட டனல் பூரா அந்தக் கோட்டுக்குப் பின்னாடி, அதுக்கு இணையா இருக்கணும். டனல் முன்னாடி தள்ளிப் போட்டிருந்தா ஒவ்வொரு தடவ கால நீட்டறப்பவும் கூரை கிராஃப்ட் மேல உக்காரும், கிராஃப்ட் பின்னாடி வளைஞ்சு தெரியும், முன்பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். 8 மாசத்து இயல்பான சாம்பலுக்கும் உரசி வந்த சாம்பலுக்கும் வித்தியாசம் சொல்றதே இந்தக் கோடுதான். தம்பி உன் ரிப்போர்ட்ல டனல் எங்க இருக்குன்னு ஒரு வரியாவது இருக்கா?

கோத்தகிரி_டிஃபெண்டர்

இல்லண்ணா, விரிஞ்சிருக்குன்னு மட்டும்தான் இருக்கு.

பிசியோ சார், அளந்தேன். நல்ல கால் 49, ஆபரேஷன் கால் 46 சென்டிமீட்டர். நழுவறதெல்லாம் இல்ல சார். ஜூலையோட எக்சர்சைஸ நிறுத்திட்டேன், உண்மையச் சொல்லணும்ல. கொழுந்து சீசன், வீட்டுல ஆள் இல்ல, பிசியோவுக்குப் போகணும்னா அரை நாள் போயிரும்.

கட்டபெட்டு_அக்கா

தம்பி நான் டாக்டர் எல்லாம் இல்ல, எங்க தம்பிக்கு நடந்தத சொல்றேன் உனக்கு உபயோகமா இருக்கும். அவனுக்கும் இதே ஆபரேஷன். அஞ்சு மாசம் கழிச்சும் முட்டி முழுசா நீளல, ஆனா அது எங்களுக்குத் தெரியவே இல்ல, ஏன்னா இந்த மேடு பள்ளத்துல யாரு கால முழுசா நீட்டி நடக்கறா, எல்லாருமே கொஞ்சம் மடக்கித்தான் நடக்கறோம். மேட்டுப்பாளையத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப மண்டபத்துல சமதரையில நடக்கறத பாத்துட்டு எங்க அத்தைதான் கேட்டாங்க, என்னடா இன்னும் நொண்டறன்னு. படுக்க வெச்சுப் பாத்தா அந்த முட்டிக்கடியில கை நுழையுது, இன்னொரு பக்கம் நுழையல.

எம்ஆர்ஐ எடுத்தாங்க, கிராஃப்ட்டுக்கு முன்னாடி ஒரு கோலிக்குண்டு அளவுக்கு தழும்புச் சதை உருண்டையா உக்காந்திருந்துச்சு. சைக்ளோப்ஸ்னாங்க, ஒத்தைக்கண் அரக்கன் பேராம், உள்ள கேமரா விட்டுப் பாத்தா கண்ணு மாதிரியே இருக்குமாம். கதவுக்கடியில கல்லு மாட்டின மாதிரி அதுதான் நீட்ட விடாம தடுத்துச்சு. சின்ன ஓட்டை போட்டு எடுத்துட்டாங்க, அடுத்த மாசமே காலு நேராச்சு. அவனோட கிராஃப்ட்டுக்கு ஒண்ணுமே ஆகல. அதனால நீ இன்னைக்கு ராத்திரியே கட்டில்ல வேண்டாம், தரையில படுத்து ரெண்டு முட்டிக்கடியிலயும் யாரையாவது கை விட்டுப் பாக்கச் சொல்லு.

வெலிங்டன்_பிசியோ

அக்கா சொன்ன விஷயத்த நான் எழுத மறந்துட்டேன், மலையில இது லேட்டாத்தான் கண்ணுல படுதுங்கறது நூத்துக்கு நூறு உண்மை. இனிமே வர்றவங்கள தரையில படுக்க வெச்சுத்தான் பாக்கப்போறேன்.

தம்பி 3 சென்டிமீட்டர் குறைச்சல்னா அது கொஞ்ச நஞ்சம் இல்ல. உங்க வலிக்கு அதுவே போதும்.

கூடலூர்_மிட்ஃபீல்ட்

நான் முதல்ல அவசரப்பட்டு எழுதிட்டேன் போல, ப்ரோ மனசு கஷ்டப்பட்டிருந்தா ஸாரி. என்னோடது எப்படி இருந்துச்சுன்னு முழுசா சொல்றேன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே பாத்துக்கலாம். ஆபரேஷன் ஆகி 14-வது மாசம், எஸ்டேட் வாய்க்கால தாண்டறப்ப வழுக்கி முட்டி முறுக்கிக்கிச்சு. அதே பழைய பட்டுனு சத்தம், அன்னைக்கே வீக்கம், அதுக்கப்புறம் இறங்கறப்ப கால் என்னோடது இல்லாத மாதிரி முன்னாடி நழுவும். ஸ்கேன்ல கிராஃப்ட் இருக்க வேண்டிய இடத்துல நாரே தொடர்ச்சியா இல்ல, வெள்ளையா தண்ணி. தொடை எலும்போட வெளிப்பக்கமும் கீழ்க்கால் எலும்போட பின்பக்கமும் ஒண்ணுக்கொண்ணு மோதின ரத்தக்கட்டு. கீழ்க்கால் எலும்பு மொத்தமா முன்னாடி தள்ளி நின்னுச்சு. டாக்டர் காலத் தொட்டதுமே சொல்லிட்டாரு, படம் அதையே காட்டுச்சு. உங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே ப்ரோ.

எல்லநள்ளி_79

நடுவுல என் சந்தேகத்தையும் கேட்டுக்கறேன். எனக்கு ஏசிஎல்-ஓட சேத்து மெனிஸ்கஸுக்கும் தையல் போட்டாங்க, ஒரு வருஷம் ஆச்சு. லேசா உள்பக்கம் பிடிக்குதுன்னு டாக்டர் திங்கக்கிழமை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்காரு. போன தடவ எடுத்தப்ப மெனிஸ்கஸ்ல கோடு இருக்குன்னு போட்டிருந்தாங்க, அப்ப தையல் பிடிக்கலையா? இன்னொண்ணு, எனக்கு ரெண்டு பக்கமும் டைட்டானியம் ஸ்க்ரூ, மெஷின் இழுத்துருமா?

குன்னூர்_ஸ்கேன்ரூம்

டைட்டானியத்த காந்தம் இழுக்காதுங்க, அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லணும், கார்டு குடுத்திருந்தா காட்டணும். பிரச்சனை படத்துலதான். உலோகத்த சுத்தி கருப்பா ஒரு குழி, ஓரத்துல வெள்ளை விளிம்புன்னு படம் கலைஞ்சுபோகும், பக்கத்துல இருக்கற ஜவ்வு சரியா தெரியாது. காந்த பலம் கூடின 3 டெஸ்லா மெஷின்ல இந்தக் கலைசல் 1.5 டெஸ்லாவ விட அதிகம். பெரிய மெஷின்னா எல்லாத்துக்கும் நல்லதுன்னு மேட்டுப்பாளையம் தாண்டி காசு செலவு பண்ணிப் போறவங்க இருக்காங்க, ஸ்க்ரூ இருக்கற முட்டிக்கு அது அப்படி இல்ல. கொழுப்ப மறைக்கறதுக்கு சாதாரண ஃபேட்சாட் போடாம ஸ்டிர் போடுங்கன்னு கேக்கலாம், உலோகத்துக்குப் பக்கத்துல அது நிதானமா வரும். முன்கூட்டி சொன்னாத்தான் நாங்க அதுக்கேத்த மாதிரி செட்டிங் மாத்துவோம்.

மெனிஸ்கஸ் கோடு விஷயம், தையல் போட்டு நல்லா ஆறின இடத்துலயும் தழும்பு ஒரு கோடா வருஷக்கணக்குல தெரியும். டி2-ல அந்தக் கோட்டுக்குள்ள தண்ணி புகுந்து பளீர்னு இருந்தா, இல்ல கிழிசல் புது இடத்துல இருந்தா அப்பதான் சந்தேகப்படணும். பழைய சிடிய தூக்கிப் போட்டுராதீங்க, ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும்.

கோத்தகிரி_டிஃபெண்டர்

எல்லாருக்கும் அப்டேட். கை விட்டுப் பாத்தோம், ரெண்டு முட்டிக்கடியிலயும் ஒரே மாதிரிதான் அக்கா, முழுசா நீளுது. நேத்து விடிகாலை முதல் பஸ்ஸ பிடிச்சு கீழ இறங்கினேன், மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஒண்ணரை மணி நேரம் நின்னு, ஒரு வழியா மதியம் டாக்டர பாத்தேன். ரிப்போர்ட்ட நீட்டினேன், ஓரமா வெச்சுட்டு முதல்ல காலத்தான் பிடிச்சாரு. இழுத்துப் பாத்தாரு, டக்குனு நின்னுச்சு, எனக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிடிய போட்டு ஸ்கிரீன்ல காட்டினாரு. நார் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுது, சாம்பலா இருக்கு, ஆனா பக்கத்துல இருக்கற தண்ணியோட வெள்ளையையும் அதையும் நானே பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது. அண்ணா நீங்க சொன்ன அந்தக் கோட்டையும் கேட்டேன், அவரே ஆச்சரியப்பட்டு அளந்து காட்டினாரு, டனல் பின்னாடிதான் இருக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரியோட படத்த அங்க இருக்கற ரேடியாலஜிஸ்ட்கிட்ட குடுத்து மறுபடி படிக்க வெச்சாங்க. கிராஃப்ட் நல்லா இருக்கு, மாற்றங்கள் 8 மாசத்துக்குப் பொருத்தமானது, செமிடெண்டினோசஸ் கிராஃப்ட்டுக்காக எடுக்கப்பட்டதுன்னு எழுதிக் குடுத்தாங்க. அதே சிடி, ஒரு புதுப் படம் கூட எடுக்கல.

ராத்திரி வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவரு கேட்டுட்டு, கவாத்து வெட்டின தேயிலைய தேதி தெரியாம வந்து பாக்கறவன் செடி செத்துருச்சுன்னுதான சொல்லுவான்னு கேட்டாரு. எனக்கு இத்தன நாள் புரியாதது அப்பதான் புரிஞ்சுது.

வெலிங்டன்_பிசியோ

ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு, படம் நல்லா இருக்குன்னு அடுத்த வாரமே பூட் மாட்டிராதீங்க. சாம்பலா இருக்கற இந்த நேரத்துல உள்ள கட்டுமானம் நடக்குது, நார் இன்னும் முழு பலத்துக்கு வரல. நார்வேயில பண்ணி 2016-ல வந்த ஆய்வுல, 9 மாசம் வரைக்கும் விளையாட்டுக்குத் திரும்பறத தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் முட்டியில மறுபடி அடிபடறது பாதியா குறைஞ்சுதுன்னு இருக்கு. 9 மாசம் ஆச்சுங்கறது மட்டும் போதாது, அந்த 3 சென்டிமீட்டர் திரும்பணும், ஒத்தைக்கால்ல தாண்டறதுல ரெண்டு காலும் கிட்டத்தட்ட சமமா வரணும். தினமும் வர முடியலன்னா பரவாயில்ல, வாரம் ஒரு தடவ வாங்க, மீதி உங்க வீட்டுப் படியிலயே பண்ற மாதிரி எழுதித் தர்றேன். மெதுவா, நாலு எண்ணி இறங்கணும், அதான் ஆரம்பம்.

கோத்தகிரி_டிஃபெண்டர்

சனிக்கிழமை வர்றேன் சார். ஏப்ரல் டோர்னமெண்ட் பத்தி கேக்கலாம்னு இருந்தேன், கேக்கல.

எல்லநள்ளி_79

இதெல்லாம் படிச்சுட்டு பழைய சிடி, ஆபரேஷன் பேப்பர், ஸ்க்ரூ கார்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வெச்சுட்டேன். கவர் மேலயே ஆபரேஷன் தேதி, கிராஃப்ட் என்ன, தையல் எந்தப் பக்கம், இப்ப எங்க பிடிக்குதுன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமைக்கு வேற எதாவது சொல்லணுமா அண்ணா?

குன்னூர்_ஸ்கேன்ரூம்

அந்தக் கவர டெக்னீஷியன் கையில குடுத்தா மட்டும் போதாதுங்க, ரிப்போர்ட் எழுதற டாக்டருக்குப் போகுதான்னு கேளுங்க, சில இடத்துல படம் மட்டும் நெட்ல வெளியூருக்குப் போகும், பேப்பர் கவுண்டர்லயே கிடக்கும். போன்ல போட்டோ எடுத்து அதையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க. படுக்கறப்ப முட்டிய எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி வைங்க, முழுசா நீளலன்னா அத வாயைத் திறந்து சொல்லுங்க. ரூம் குளிரும், கம்பளி சால்வை கொண்டு போங்க, ஜிப் இல்லாததா பாத்து. நடுங்கினா படம் ஆடிப்போயிரும்.

எல்லநள்ளி_79

சரிங்கண்ணா, எங்கம்மாவோட சால்வை இருக்கு, எடுத்துக்கறேன். ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடறேன்.